மூன்றில் மிஞ்சியது

கிணற்றில் நீந்தப் பழகியவளுக்கு
நேராகப் போகத் தெரியாது.
ஒடுகத்தூரில் சித்தப்பாவின் கிணறு, அறுபதடி.
பங்குனி முடியுமுன் தண்ணீர் பாறைக்கு இறங்கிவிடும்.
மிச்சமிருக்கும் வட்டத்தில்
மோட்டார் குழாயில் இடித்துக்கொள்ளாமல்
இடப்பக்கமாகவே சுற்றுவேன்.
எண்ணிக்கை தப்பினால் மறுபடி ஒன்று.

முதல் போட்டி விசாகப்பட்டினத்தில்.
கடலை அன்றுதான் பார்த்தேன்.
எல்லோரும் மஞ்சள் மிதவையை நோக்கிப் போக
நான் பாட்டுக்கு இடதுபுறம் வளைந்து
பர்மாவுக்குக் கிளம்பிவிட்டேன்.
படகில் வந்தவர் விசிலடித்துத் திருப்பினார்.
கரையேறும்போது என் பின்னால் இரண்டே பேர்.
இரவல் சைக்கிளில் முப்பது பேரைத் தாண்டினேன்,
மற்றவர்களை ஓட்டத்தில்.
பூங்காவனம், வேலூர் என்று ஒலிபெருக்கி சொன்னபோது
அது யாரென்று நானும் திரும்பிப் பார்த்தேன்.

அடுத்த ஆறு வருடம் அந்தப் பெயரையே சொன்னார்கள்.

அம்மா அடகு வைத்த நாலு சவரனும்
ரயில்வே சொசைட்டிக் கடனும் சேர்ந்து
ஏழரைக் கிலோ எடையில் ஒரு சைக்கிள் ஆயின.
போட்டிக்குப் போகும் ரயிலில்
பழைய போர்வை சுற்றி அதைப் பர்த்தில் கிடத்துவேன்,
நான் தரையில்.
பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டி
தோல் ஏற்றிய லாரி என் பக்கம் ஒதுங்கிய காலையில்
அதற்கு ஒரு கீறல்கூட இல்லை.
வலது தோள் மூன்று துண்டு.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண்
கையைத் தூக்கச் சொல்லிச் சுவரில் பென்சிலால் கோடு போடுவாள்.
காதுக்கு மேலே அந்தக் கோடு ஏறவே இல்லை.
"நீச்சல் இனிமே சும்மா பொழுதுபோக்குக்கு" என்றாள்.
சும்மா நீந்துவது எப்படி என்று
அவளிடம் கேட்டிருக்கலாம்.

சைக்கிளைப் பாகாயத்தில் ஒரு மருத்துவ மாணவன் வாங்கினான்.
சீட்டு உயரத்தைக்கூட மாற்றவில்லை,
எனக்குச் சரியா இருக்கு அக்கா என்று மிதித்துப் போனான்.
அந்தச் சரியாக இருந்ததுதான்
ராத்திரியெல்லாம் உறுத்தியது.

பிறகு வெறும் ஓட்டம்.
முதல் மாரத்தான் காலையில்
ஈரமில்லாத தலையோடு நிற்கக் கூச்சமாக இருந்தது.
அதைவிட, களைக்காத காலோடு ஓடத் தெரியவில்லை எனக்கு.
பதினைந்து வருடமாக என் கால்கள்
ஓட்டத்துக்கு வந்து சேரும்போதே செத்துத்தான் வரும்.
அன்று கன்றுக்குட்டி போலத் துள்ளின, விட்டுவிட்டேன்.
முப்பதாவது கிலோமீட்டரில்
ஜவ்வாது மலைப் பெண் ஒருத்தி, பத்தொன்பது இருக்கும்,
மூச்சுச் சத்தமே இல்லாமல் கடந்து போனாள்.
பதினோராவது இடம். ஒரு வாழைப்பழம்.

காட்பாடி ஜங்ஷன், நான்காம் கவுண்டர்.
"சீக்கிரம் குடும்மா, வண்டி பூடும்" என்கிறார்கள் என்னிடம்.

பாலாற்று மணலில் ஒரு வருடம் மெதுவாக ஓடினேன்.
மெதுவாக என்பதுதான் கஷ்டம்.
மணல் டிராக்டர்காரர்கள் முதலில் சிரித்தார்கள்,
அப்புறம் மணி பார்த்தார்கள்.
செம்மண் டிராக்கில் இருபத்தைந்து சுற்று,
ஒவ்வொரு திருப்பமும் இடப்பக்கம்.
பத்தாவது சுற்றில் ஈரப் பாசி வாசனை வந்தது,
சுற்றிலும் புழுதிதான்.
முப்பத்தாறு வயதில், இரண்டு மணி ஐம்பத்தொரு நிமிடம்.
வெள்ளி. ஜவ்வாது மலைப் பெண்ணுக்குத் தங்கம்.
இந்தத் தடவை அவள் மூச்சு எனக்குக் கேட்டது.

போன ஐப்பசியில் ஆற்றில் தண்ணீர் வந்தது.
பாலத்தில் ஊரே நின்று போன் நீட்டியது.
நான் ஓடிய மணல் எங்கேயோ அடியில்.
டீக்கடை துரைக்கண்ணு என்னைப் பார்த்துவிட்டார்:
"இன்னாம்மா, நீச்சல்காரி தானே? எறங்கேன்."
கூட்டம் சிரித்தது. தோள் ஒருமுறை தானாகத் தூக்கிப் பார்த்தது,
காது வரைக்கும்.

"இன்னைக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் பாக்கி அண்ணா" என்றேன்.
இந்த முனையிலிருந்து அந்த முனை,
அங்கிருந்து இங்கே.
கீழே பழுப்பாகத் தண்ணீர் அதன் போக்கில்.
மேலே நான், ஆட்களை விலக்கி விலக்கி,
முனை வரும்போதெல்லாம்
இடப்பக்கமாகவே திரும்பி.